கூப்பிடு தூரத்தில் கலை

வீடு வாங்குகிறவர்களில் பள்ளிக்கூடம் பார்த்து வாங்குகிறவர் உண்டு, மெட்ரோ ஸ்டேஷன் பார்த்து வாங்குகிறவர் உண்டு, சம்பந்தி வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து வாங்குகிறவரும் உண்டு. நம்மவர், ஓவியர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்த்து வாங்குகிறவர். வாங்குகிறவர் என்பது சற்று அதிகம். வாங்கலாமா என்று பார்க்கிறவர்.

சென்னையில் இந்த ரகம் பெருகிவருகிறது. வங்கியிலோ மின்வாரியத்திலோ நல்ல பதவியில் இருந்து ஓய்வு பெற்றிருப்பார். நங்கநல்லூரிலோ மேற்கு மாம்பலத்திலோ சொந்த வீடு, மாடிப் போர்ஷன் வாடகைக்கு. மகன் சியாட்டிலில். ஞாயிற்றுக்கிழமை இட்லி முடிந்ததும் கதர் குர்த்தாவை மாட்டிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் கிளம்பிவிடுவார். காரின் பின்சீட்டில் ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர். அதற்குள் யார் யாருடைய வீடுகளுக்கோ போட்டெடுத்த வில்லங்கச் சான்றுகள், தாய்ப்பத்திர நகல்கள். அவர் பெயரில் மட்டும் ஒரு காகிதமும் கிடையாது.

அவரிடம் ஒரு சித்தாந்தம் இருக்கிறது. "ஆர்ட்டிஸ்ட் எங்க போய் உக்கார்றானோ, அங்க பத்து வருஷத்துல ரேட்டு பிச்சுக்கிட்டுப் போகும் சார். உலகம் பூரா இதான் நடந்திருக்கு." உலகம் என்றால் முதலில் நியூயார்க். அங்கே சோஹோ பகுதியில் பழைய தொழிற்கூடங்கள் காலியாகக் கிடந்தன. வாடகை மலிவு என்று ஓவியர்கள் உள்ளே புகுந்தார்கள். 1971-ல் நகர நிர்வாகம், சரி, ஓவியர்கள் அங்கேயே வசிக்கலாம் என்று சட்டத்தை மாற்றியது. பின்னாலேயே கேலரிகள் வந்தன, கேலரிகளுக்குப் பின்னால் விலையுயர்ந்த துணிக்கடைகள் வந்தன, கடைசியில் ஓவியர்களால் வாடகை கொடுக்க முடியாமல் போயிற்று. கதையின் கடைசி வரியில் நமக்கு மனசு கனக்கும். நம்மவருக்கு அந்த இடத்தில்தான் கண்ணில் ஒளி வரும். ரிச்சர்ட் ஃப்ளோரிடா என்ற அமெரிக்கப் பேராசிரியர், படைப்பாளிகள் கூடுகிற ஊர்தான் முன்னேறும் என்று 2002-ல் ஒரு புத்தகமே எழுதினார் என்பதையும் சொல்வார். படித்ததில்லை. மகன் போனில் சொன்னது.

ஏறப்போகிற ஏரியாவைக் கண்டுபிடிக்க அவர் வைத்திருக்கும் அளவுகோல் காபி. தெருமுனையில் டீக்கடை மட்டும் இருந்தால், "இன்னும் வளரணும்." அதே முனையில் சுவருக்குப் பூச்சு இல்லாமல் செங்கல் தெரிய ஒரு கஃபே வந்து, காபிக்கு இருநூற்றைம்பது ரூபாய் பில் போட்டால், "லேட் ஆயிடுச்சு." இரண்டுக்கும் நடுவில் சரியான நாள் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அன்றைக்கு நம்மவர் ஒன்றுவிட்ட அத்தை பேரன் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிருப்பார்.

அவருடைய யாத்திரைத் தலம் ஈஞ்சம்பாக்கம், அதிலும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சுற்றிய தெருக்கள். அந்தக் கிராமத்தின் வரலாறு அவருக்கு அத்துப்படி. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்துகொண்டே, மாணவர்களும் சக ஓவியர்களுமாகச் சேர்த்து அங்கே சில ஏக்கர் வாங்கினார். படம் எழுதிப் பிழைக்க முடியாது என்று ஊரே அடித்துச் சொன்ன காலம். பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற காசில், கடலோரம் மணற்காடாகக் கிடந்த நிலம். கொட்டகை போட்டுக் குடியேறினார்கள். காலையில் வயிற்றுக்காகப் பாத்திக், மிச்ச நேரத்தில் மனசுக்காக ஓவியம் என்று ஒரு ஏற்பாடு. "என்ன விஷன் சார், என்ன விஷன்!" என்று நம்மவர் ஸ்டியரிங்கைத் தட்டுவார்.

அந்த வருஷம் நம்மவர் முப்பது வயதுக்காரராக இருந்து, பணிக்கர் இவரையும் அந்த மணலில் நிறுத்தி, "வாங்களேன்" என்று கூப்பிட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. தண்ணீர் எப்படி சார்? ரோடு எப்ப போடுவாங்க? ராத்திரி ஒரு அவசரம்னா டாக்டர் எங்க? பட்டா தனித்தனியா, கூட்டுப் பட்டாவா? அக்கம்பக்கம் எப்படிப்பட்ட ஆளுங்க? கடைசிக் கேள்விக்குப் பணிக்கர், "எல்லாரும் ஓவியர்கள்" என்று பெருமையாகச் சொல்லியிருப்பார். நம்மவர் முகம் மாறி, மெட்ராஸுக்கு அடுத்த பஸ் எப்போது என்று விசாரித்திருப்பார்.

இன்று நம்மவருக்கும் அந்த இடத்துக்கும் பொருந்தாத காரணம் வேறு. கிராமத்துக்குள் 2009-ல் மெட்ராஸ் மூவ்மென்ட் என்ற ஓவிய இயக்கத்துக்கென்று ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். 1960-களில் இந்தக் கூட்டம் தென்னாட்டுக் கோடுகளையும் எழுத்துருவங்களையும் வைத்துச் செய்ததெல்லாம் அங்கே இருக்கிறது. தவறாமல் பார்க்க வேண்டிய இடம், வரிசையில் நிற்கவேண்டிய அவசியமும் பெரும்பாலும் இருக்காது. நம்மவரோடு ஒருமுறை போனேன். கே. ராமானுஜத்தின் கோட்டோவியம் ஒன்றின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். மாடங்களும் சிறகு முளைத்த உருவங்களுமாக ஒரு கனவு ஊர் அதில் விரிந்திருந்தது. மனிதருக்குள் ஏதோ நிகழ்கிறது என்று நானும் மரியாதையாகத் தள்ளி நின்றேன். பெருமூச்சு விட்டுத் திரும்பி, அங்கிருந்த ஊழியரிடம் கேட்டார்: "இங்க போர் எத்தனை அடிப்பா? உப்பு அடிக்குதா?"

வெளியே புரோக்கர் காத்திருந்தார். இந்தச் சாலையின் புரோக்கர்களுக்கு நம்மவரை நன்றாகத் தெரியும். புதிதாகத் தொழிலுக்கு வருகிற பையனைப் பழக்குவதற்கென்றே அவரிடம் அனுப்புகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். அன்று காட்டியது மூன்றாவது மாடி, மறுவிற்பனை, ஒன்றேகால் கோடி.

"சார், பால்கனிக்கு வாங்க. அந்தத் தென்னமரம் தெரியுது பாருங்க, அதுக்குப் பின்னாடி பூரா ஆர்ட்டிஸ்டுங்க வீடு. இந்த வியூ வேற யாருக்கும் கிடையாது சார்."

நம்மவர் பார்க்கவில்லை. பால்கனி கிரில்லை நகத்தால் சுரண்டினார். பெயிண்ட்டோடு ஒரு சில்லு துரு பெயர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது. கடற்காற்று. ஏ.சி.யின் வெளிப்பெட்டியைக் குனிந்து பார்த்தார். அடித்தகடு ஓரமெல்லாம் அப்பளம்போல் உப்பியிருந்தது. பிறகு ஜன்னல் வழியாக டங், டங் என்று ஒரு சத்தம் வந்தது. யாரோ செம்புத் தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அது என்ன சத்தம்?"

"சிற்பி சார். பெரிய ஆளு. ஃபாரின்லாம் போகுது அவரு சிலை."

"மத்தியானமும் அடிப்பாரா?"

பையன் பயிற்சி போதாதவன். "ராத்திரியும் அடிப்பாரு சார், மூடு வந்தா," என்று பெருமையாகச் சொல்லிவிட்டான். அங்கேயே அந்த வீடு முடிந்தது. நாகரிகத்துக்காக யூ.டி.எஸ். என்கிற பிரிபடாத நிலப் பங்கு எவ்வளவு, கடலிலிருந்து 500 மீட்டருக்கு உள்ளேயா வெளியேயா, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் வருமா, சமையலறை அக்கினி மூலையில் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று போனில் பெருக்கி, "பதினொன்னே கால் லட்சம் சார், ரிஜிஸ்ட்ரேஷனுக்கு மட்டும்!" என்று என்னிடம் திரையைக் காட்டினார். "இந்தக் காசுல ஒரு ஒரிஜினல் பெயிண்டிங்கே வாங்கலாம்."

வாங்கலாம்தான். அவர் வீட்டில் இருக்கும் ஒரே ஓவியம், அறுபதாம் கல்யாணத்துக்கு மைத்துனர் கொடுத்த தஞ்சாவூர்க் கிருஷ்ணன். பழைய வேட்டியால் சுற்றிப் பரண்மேல் பத்திரமாக இருக்கிறது. மாட்டினால் சுவரில் ஓட்டை விழும்.

கலை கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கூப்பிட்டால் கேட்கலாம், கூப்பிடாதபோது அது கேட்கக் கூடாது. கலாக்ஷேத்திரா நாட்டியப் பள்ளிக்கு அருகில் திருவான்மியூரில் ஒரு வீடு பார்த்தபோது, "காலங்காத்தால தட்டுக்கழி சத்தம் கேக்குமா?" என்றார். தக்ஷிணசித்ரா கலை அருங்காட்சியகம் 1996-ல் முட்டுக்காட்டில் திறந்தபோதே அந்தப் பக்கம் மனை பார்த்தாராம். "அப்ப யாரு சார் அவ்ளோ தூரம் போவா?" இப்போது அந்தத் தூரத்துக்கு விலை கேட்டால் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறார். கொச்சியில் 2012-ல் பியனாலே கலைக் கண்காட்சி தொடங்கிய கையோடு மட்டாஞ்சேரிக்கும் போய்வந்தார். பழைய மிளகுக் கிடங்கு ஒன்றை எடுத்துப்போட்டால் என்ன என்று யோசனை. கரையான் என்று கேள்விப்பட்டுத் திரும்பிவிட்டார்.

இதிலெல்லாம் சிரிக்கலாம். சிரிக்க முடியாதது ஒன்றும் நடந்தது. சென்னைக்குள்ளிருந்து அகற்றப்பட்ட குடிசைவாசிகளைக் கொண்டுபோய்க் குவித்த இடம் கண்ணகி நகர். முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று அங்கத்துப் பிள்ளைகள் சொல்லிச் சலித்தவர்கள். 2020-ல் அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் கட்டட உயரத்துக்கு முகங்களையும் சிரிப்புகளையும் வரைந்து, அதைக் கலை வட்டாரமாக அறிவித்தார்கள். நம்மவர் காரில் ஒரு சுற்று வந்து படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'நம்ம சென்னையா இது!' என்று போட்டார். மகன் இதயம் அனுப்பினான். அதே மாதம் துரைப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட் பார்க்கப் போனார். பில்டரின் ஆள், "பால்கனியிலேர்ந்து கண்ணகி நகர் பெயிண்டிங் எல்லாம் லேசாத் தெரியும் சார்" என்றான்.

"வேற பக்கம் பாத்த ஃபிளாட் இருக்கா?" என்றார் நம்மவர்.

அவர் மனைவி இவற்றில் கலந்துகொள்வதில்லை. ஆரம்பத்தில் இரண்டொரு முறை கூட வந்திருக்கிறார். "ஏங்க, படம் பாக்கணும்னா டிக்கெட் எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு வரலாமே, அதுக்கு எதுக்கு ஒன்னேகால் கோடி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதில் வரவில்லை, அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்துகொண்டு மாடிப் போர்ஷனுக்கு ஆள் தேடும் வேலையைப் பார்க்கிறார். முன்பிருந்தவர்கள் காலி செய்து நாளாகிவிட்டது.

போன வாரம் ஒரு பெண் வந்தாள். எழும்பூர் பக்கத்து ஓவியக் கல்லூரியில் முதுகலை முடித்தவள். 1850-ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் ஆரம்பித்த பள்ளி அது, பணிக்கர் முதல்வராக இருந்த அதே இடம்தான். நங்கநல்லூரில் மாடியோடு, வெளிச்சத்தோடு ஒரு இடம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறாள். கூடப் படித்த இன்னும் இரண்டு பேரும் அடுத்த தெருவில் ஒரு பழைய ஷெட்டை எடுத்து ஸ்டூடியோ ஆக்கியிருக்கிறார்களாம். பில்லர் குழியில் கால் இடறினாலும் கோயிலில் போய் விழுகிற எங்கள் பேட்டைக்கு ஓவியர்கள் வருவது எனக்கே புதுச்செய்தி. மாமி மோர் கொண்டுவந்து கொடுத்தார். நம்மவர் ஈஸிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பணிக்கர் தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார்."

"என்ன விஷன்!" என்றார். ஐந்து நிமிஷம் சோழமண்டலம் பேசினார், மணல், பாத்திக், கொட்டகை எல்லாம். பெண் முகம் மலர்ந்துவிட்டது. இப்படி ஒரு வீட்டுக்காரரா என்று அவள் நினைத்திருக்க வேண்டும். பிறகு அவர் நிபந்தனைகளுக்கு வந்தார். டர்பன்டைன் வாசனை கீழே வரக் கூடாது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நண்பர்கள் வேண்டாம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலி பண்ணும்போது வெள்ளையடித்துக் கொடுத்துவிட வேண்டும், "அது உனக்குக் கஷ்டம் இல்ல, கை பழகின வேலை."

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். "வாடகை பதினெட்டாயிரம்னு ஆன்ட்டி சொன்னாங்க சார்."

"அது போன மாசம்," என்றார் நம்மவர். "ஏரியா டெவலப் ஆயிட்டிருக்கும்மா. பாரு, ஆர்ட்டிஸ்டெல்லாம் வர ஆரம்பிச்சாச்சு. இருபத்திரெண்டு."