அவ்வளவா இனிப்பா இல்ல!

இனிப்பு சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கு, அவ்வளவா இனிப்பா இல்ல" என்று சொல்கிற எல்லோரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, ஆளுக்கு அரைக் கிலோ ஜாங்கிரி கொடுத்து, பாகு ஒரு சொட்டுகூட மிச்சமில்லாமல் முடித்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு யோசனை. போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அது யோசனை இல்லை. மண்டப வாடகை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதைப் பற்றி அல்ல. தூத்துக்குடி மாக்கரூனைப் பற்றி முக்கியமான ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. இதுவரை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கதையை இரண்டே வரியில் முடித்துவிட்டு அதற்கு வந்துவிடுகிறேன்.

கொழுந்தனார் துபாயிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். முன்பெல்லாம் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெட்டியைத் திறந்தால் கோடாலித் தைலமும் சாக்லேட்டும் கிலோக்கணக்கில் கொட்டும். இந்த முறை ஒரே ஒரு சாக்லேட். குனாஃபா சாக்லேட். அதை டைனிங் டேபிள் நடுவில் வைத்துவிட்டு, "யாரும் தொடாதீங்க அண்ணி" என்றார். தொடுகிறவள் நான்தான் என்று பத்தாயிரம் பேரில் ஒருத்தியாக அடையாளம் கண்டு சொன்னார் பாருங்கள், அதிலேயே எனக்குச் சுருக்கென்றது.

சாக்லேட்டை உடைக்கும்போது வருகிற சத்தம்தான் அதில் விசேஷமாம். அதை வீடியோ எடுக்க வேண்டும். ஃபேன் நிறுத்தப்பட்டது. மிக்சி நிறுத்தப்பட்டது. என் மகள் போனைப் பிடித்தாள், ஓர்ப்படி உடைத்தாள், "மடக்" என்று கேட்டது, உள்ளேயிருந்து பச்சையாகப் பிஸ்தா விழுது எட்டிப் பார்த்தது. சரியாக அந்த நேரம் என் மகன், "எனக்குப் பெரிய துண்டு" என்று கத்திவிட்டான். வீடியோ கெட்டுப்போனது. உடைந்த சாக்லேட்டை மறுபடி சேர்த்து அமுக்கி, இன்னொரு தடவை உடைத்தார்கள். இரண்டாம் தடவை சத்தம் வரவில்லை. அதற்கு வேறு எங்கிருந்தோ சத்தம் சேர்க்கலாம் என்றாள் மகள். இதற்குள் டேபிளைச் சுற்றி நின்ற எங்கள் எட்டுப் பேருக்கும் வியர்த்துக் கொட்டியது. ஃபேனைப் போட யாருக்கும் துணிவில்லை.

பங்கு வந்தது. எனக்கு வந்ததை வாயில் போட்டேனா, கைதவறிக் கீழே விட்டேனா என்று இன்றுவரை சந்தேகம்.

அதன் பிறகுதான் அந்த வாக்கியம். முதலில் கொழுந்தனார் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "அவ்வளவா இனிப்பா இல்ல, அதான் இதுல பியூட்டி." ஓர்ப்படி ஆமோதித்தாள். என் கணவர், இருபத்தைந்து வருஷமாகக் காபிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை வாங்கிக்கொள்கிறவர், "ஆமா, திகட்டல" என்றார். தெரிந்தவர்களுக்கு நடுவில் உண்மையைப் பேசியவர் என் மாமியார் ஒருவர்தான். மெதுவாக மென்று பார்த்துவிட்டு, "சேமியா வேகலியே" என்றார்.

அத்தை சொன்னதில் தப்பே இல்லை. அது கதாயிஃப் என்கிற மெல்லிய மாவு இழை, வெண்ணெயில் பொரித்து, பிஸ்தா விழுதும் எள் விழுதும் கலந்து உள்ளே அடைப்பது. துபாயில் சாரா ஹமூதா என்கிற பெண்மணி, மசக்கையில் வந்த ஆசைக்குச் செய்து பார்த்து, 2021இல் கடையாக ஆரம்பித்தது. 2023 கடைசியில் யாரோ காருக்குள் உட்கார்ந்து தின்கிற வீடியோ பரவியதும் உலகம் மொத்தத்துக்கும் மசக்கை வந்துவிட்டது. 2025இல் பிஸ்தாப் பருப்புக்கே தட்டுப்பாடு என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு மசக்கைக்கு உலகச் சந்தை ஆடியதை நினைத்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. நான் உண்டாகியிருந்தபோது திருநெல்வேலி அல்வா கேட்டேன். ஊரிலிருந்து யாராவது வரும்போது பார்க்கலாம் என்றார்கள். மகளே காலேஜ் போய்விட்டாள்.

சரி, மாக்கரூனுக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி.

வேறு எதையாவது நாம் இப்படிப் பாராட்டுகிறோமா? வத்தக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, "பிரமாதம், புளிப்பே தெரியல" என்று சொன்னவர் அடுத்த முறை எங்கள் வீட்டில் இலை போட்டு உட்கார முடியுமா? ஆவக்காயை நக்கிவிட்டு, "காரமே இல்ல, அதான் அருமை" என்று யாராவது சொல்வார்களா? ஃபில்டர் காபியைக் குடித்துவிட்டு, "டிகாக்ஷன் போட்ட மாதிரியே தெரியல" என்று கும்பகோணத்தில் போய்ச் சொல்லிப் பாருங்கள், டபராவோடு துரத்துவார்கள். குற்றாலம் போய் வந்தவர், "அருவி சூப்பர், தண்ணி அவ்வளவா விழல" என்பாரா? புது ஏசி மாட்டியவர், "நல்ல ஏசிங்க, குளிரே இல்ல" என்பாரா? காஞ்சிபுரத்தில் புடவை எடுத்துக்கொண்டு வந்து, "அவ்வளவா பட்டு மாதிரி இல்ல, அதான் உடனே எடுத்துட்டேன்" என்று பிரித்துக் காட்டுவீர்களா? நகைக்கடையில் சங்கிலியைக் கையில் வாங்கிப் பார்த்து, "ரொம்பத் தங்கமா இல்ல, உறுத்தாது" என்பீர்களா? பெண் பார்க்க வந்துவிட்டுப் போகிறவர்கள் தெருமுனையில் நின்று, "பொண்ணு அவ்வளவா பொண்ணு மாதிரி இல்ல, பேசி முடிச்சிடலாம்" என்பார்களா? மதுரை மல்லி வாங்கி, "வாசனையே வரல, தலைவலிக்காது" என்று சந்தோஷப்படுவீர்களா? மார்கழிக் கச்சேரிக்குப் போய்வந்து, "ரொம்பத் திருப்தி, பாட்டுதான் அவ்வளவா இல்ல" என்பீர்களா? (சபா கேன்டீனுக்காகப் போகிறவர்களை விட்டுவிடுங்கள்.) திருப்பதி போய்வந்தவர், "நல்ல தரிசனம், பெருமாள்தான் அவ்வளவா தெரியல" என்பாரா? இது மட்டும் நடக்கிறதுதான். ஆனால் அவர்கூட அதை வருத்தத்தோடுதான் சொல்கிறார்.

இதையெல்லாம் நான் அன்றைக்கே டேபிளில் சொன்னேன். மல்லிகைப்பூ வரும்போதே கணவர் "போதும்" என்றார். எனக்குப் போதவில்லை. வீடு வாடகைக்குப் பார்க்கப் போகிறோம், "அவ்வளவா வீடு மாதிரி இல்ல, அட்வான்ஸ் குடுத்துடலாம்" என்கிறோமா? படுக்கை வாங்குகிறோம், "தூக்கமே வரல, அருமை" என்கிறோமா? சோப்பு, "அழுக்கே போகல, கைக்கு இதமா இருக்கு"? குடை, "நனைஞ்சுட்டேன், ஆனா ரொம்பக் குடையா இல்ல"? ஓர்ப்படி தன் பையனைக் கூட்டிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். "அக்காவுக்கு பிரஷரா?" என்று அவள் கேட்டது இங்கே கேட்டது.

உடம்புக்கு நல்லதில்லையே, அதனால்தான் சொல்கிறார்கள் என்று நீங்கள் ஆரம்பிப்பீர்கள். தெரியும். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. எங்கள் வீட்டிலேயே கருவி இருக்கிறது, ஊசி இருக்கிறது. ஆனால் நான் பார்த்தவரை உண்மையிலேயே சர்க்கரை உள்ளவர்கள் இந்த வசனம் பேசுவதில்லை. அவர்கள் நேரடியாகத் திருடுவார்கள். என் அப்பாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. கல்யாணப் பந்தியில் தன் இலைக்கு வந்த ஜாங்கிரியை, "எனக்கு ஆகாதுப்பா" என்று உரக்கச் சொல்லி, ஊரறிய ஒதுக்கிவைப்பார். பிறகு, "குழந்தைக்கு ஒண்ணு வைங்க" என்று பரிமாறுகிறவரிடம் இன்னொன்று வாங்குவார். குழந்தை நான்தான், எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பந்தி எழுந்திருக்கும்போது இரண்டு ஜாங்கிரியும் இருக்காது. அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு நாளும் "அவ்வளவா இனிப்பா இல்ல" என்று வந்ததில்லை. இனிப்புக்கு அவர் காட்டிய மரியாதை அது.

இந்த வியாதி கஃபேக்களிலிருந்துதான் வீட்டுக்குள் வந்தது என்பது என் கட்சி. மகளின் பிறந்தநாளுக்கு அண்ணா நகரில் ஒன்றுக்குப் போனோம். அத்தையையும் அழைத்துப் போனோம். முதலில் ட்ரெஸ் லெச்சஸ் வந்தது. கண்டென்ஸ்டு மில்க், சுண்டக் காய்ச்சிய பால், சாதாப் பால், மூன்றிலும் கேக்கை ஊறவைப்பது. அத்தை ஒரு வாய் வைத்து, "காய்ச்சல் வந்தா பால்ல ரொட்டி நனைச்சுக் குடுப்பமே, அதானே?" என்றார். அடுத்து திராமிசு. காபியில் நனைத்த பிஸ்கட், மேலே கசக்கும் கோகோப் பொடி. "பிஸ்கட்டை எதுக்குக் காபியிலேயே போட்டுட்டான்? நாமளே தொட்டுக்க மாட்டோமா?" கடைசியில் பாஸ்க் சீஸ்கேக். ஸ்பெயினில் சான் செபாஸ்டியன் என்ற ஊரில் லா வின்யா என்கிற கடை பிரபலப்படுத்தியது. மேல் பக்கம் கருக வேண்டும், அதுதான் இலக்கணம். என் கல்யாணமான புதிதில் நான் கிண்டிய திரட்டுப்பால் லேசாக அடி பிடித்துவிட்டது. அத்தை அதை இன்றும் விசேஷங்களில் எடுத்துச் சொல்கிறார். அதே அத்தை, கருகின கேக்குக்கு மகன் 380 ரூபாய் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். நான் அத்தையையே பார்த்தேன். அவர் மெனு கார்டைப் பார்த்தார்.

தட்டு ஒன்று, மர ஸ்பூன் ஐந்து. ஷேரிங்காம். ஐந்து பேரும் எதிரெதிர் மூலையிலிருந்து தோண்டிக்கொண்டு வந்து, நடுவில் கடைசித் துண்டை வைத்துவிட்டு, "நீ எடு", "இல்ல நீங்க எடுங்க" என்று ஆரம்பித்தோம். யாரும் எடுக்கவில்லை. சர்வர் தட்டைக் கொண்டுபோய்விட்டார். அந்தத் துண்டை நான் இன்னும் மறக்கவில்லை. பில் கட்டும்போது மகள் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். மூன்று பண்டத்துக்கும் சேர்த்து ஒரே தடவையாக.

வரி விஷயம் வேறு இருக்கிறது. கோவையில் 2024 செப்டம்பரில் ஒரு ஹோட்டல் உரிமையாளர், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று நிதியமைச்சரிடமே முறையிட்டது ஊரெல்லாம் பேச்சானது. மறு வருஷம் செப்டம்பரில் சாக்லேட்டுக்கும் கேக்குக்கும் 18இலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். நம் லட்டுக்கும் மைசூர்பாகுக்கும் முன்பே 5தான். ஆக, அரசாங்கம்கூட இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. எங்கள் வீட்டில்தான் மைசூர்பாகை எடுத்தால் ஆறு கண்கள் முறைக்கின்றன. குனாஃபா என்றால் வீடியோ எடுக்கிறார்கள்.

பழனி பஞ்சாமிர்தத்தைப் பாருங்கள். விருப்பாச்சிப் பழம், வெல்லம், தேன், கல்கண்டு, பேரீச்சை, நெய். இனிப்புக்கு மேல் இனிப்பு, அதற்கு மேல் இனிப்பு. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை நக்கிவிட்டு இந்த வாக்கியத்தைச் சொல்லத் துணிந்த ஒருவரை நான் பார்த்ததில்லை. மலைமேல் வேலோடு ஒருவர் நிற்கிற தைரியத்தில் அதற்குக் கிடைத்த பாதுகாப்பு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குக் கிடைக்கவில்லை. பால்கோவாவைப் பார்த்து, "இதுல ஸ்வீட் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்" என்று போன மாதம் என் காதுபடச் சொன்னார்கள். பாலையும் சர்க்கரையையும் தவிர அதில் வேறு என்ன இருக்கிறது? சர்க்கரையைக் குறைத்தால் அது பால்.

எனக்கும் ஒரு வழி இருக்கிறது, ஒளிப்பானேன். எல்லோரும் தூங்கிய பிறகு ஃப்ரிட்ஜில் இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு கண்டென்ஸ்டு மில்க் டப்பா. ஸ்பூன்கூட எடுப்பதில்லை, சத்தம் வரும். அங்கே கேமரா இல்லை, ஷேரிங் இல்லை, கருத்து இல்லை. போன வாரம் டப்பாவைத் தேடிக் கையை நீட்டினால் இடம் காலி. திரும்பினால் ஹாலில் இருட்டில் அத்தை உட்கார்ந்திருக்கிறார், டப்பாவோடு. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார். திரட்டுப்பால் விஷயத்தில் இனி நான் அவரை மன்னிக்கலாமா என்று பரிசீலனையில் இருக்கிறது.

மாக்கரூன் விஷயம்: முந்திரி, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, இந்த மூன்றும்தான். பிரெஞ்சு மாக்கரூனுக்கு நடுவில் கிரீம் வேண்டும், இதற்கு ஒன்றும் வேண்டாம். நான் சொல்ல வந்தது என்னவென்றால்... இருங்கள், மகள் கூப்பிடுகிறாள். இந்த வாரம் மாட்சா திராமிசு சாப்பிடப் போகலாமாம். மாட்சா என்றால் ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூள். கசக்கும். கேட்டேன். "ஆமாம்மா, கசக்கும், அதான் நல்லாருக்கும்" என்கிறாள்.

அடுத்த தீபாவளிக்கு என்ன செய்யலாம் என்று கொழுந்தனார் குடும்பத்தோடு போனில் இப்போதே பேச்சு ஓடுகிறது. அதிரசம் வேண்டாம், எண்ணெய். லட்டு வேண்டாம், திகட்டும். பாதுஷாவின் பெயரைச் சொல்லவே விடவில்லை. கடைசியில் எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டது தீபாவளி லேகியம் ஒன்றைத்தான். அதிலும் வெல்லம் பாதி போட்டால் போதுமாம்.