கழித்தல் கணக்கு

கார் விற்பவர்கள் எல்லாரும் கூட்டல் கணக்குக்காரர்கள். போன வருட மாடலில் நாலு ஸ்பீக்கர் என்றால் இந்த வருடம் எட்டு. இருக்கைக்குச் சூடு, அதே இருக்கைக்குக் குளிர்ச்சி, தலைக்கு மேல் கண்ணாடிக் கூரை, எதிரே சின்னத் தியேட்டரில் மாட்டக்கூடிய அளவுக்கு ஒரு திரை. எல்லாம் சேர்ந்து வண்டி இரண்டு டன்னைத் தொடுகிறது. இரண்டு டன்னை இழுக்கப் பெரிய எஞ்சின் வேண்டும், நிறுத்தப் பெரிய பிரேக் வேண்டும், அந்த இரண்டும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் எடை. இப்படிப்பட்ட சந்தையில், இருக்க வேண்டியதில் பாதி இல்லாத காரை, அதையும் ஏற்கெனவே நாலு பேர் ஓட்டித் தேய்த்த பிறகு, தேடிப்போய்க் காசு கொடுத்து வாங்குகிற ஒரு கூட்டம் பல நாடுகளில் இருக்கிறது. எடை குறைந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள். வீட்டில் இருப்பவர்கள் அவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் போடுவது கழித்தல் கணக்கு, விடையும் சரியாகத்தான் வருகிறது என்பது என் கட்சி.

உதாரணத்துக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5ஐ எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் முதலில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் விற்றது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாக மேடை ஏறியது. 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன், இரண்டே இருக்கை, எடை சுமார் 950 கிலோ. யோசனை ஜப்பானுடையதல்ல. 1950களிலும் 60களிலும் பிரிட்டன் இப்படிப்பட்ட குட்டிக் கார்களை விதவிதமாகச் செய்து தள்ளியது: எம்ஜி, டிரையம்ஃப், ஆஸ்டின்-ஹீலி, லோட்டஸ். ஓட்டினால் சுகம், நிறுத்தினால் எண்ணெய் சொட்டும். சொட்டவில்லை என்றால் உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் என்பது அந்தக் கார்களைப் பற்றிய பழைய ஜோக். 1980இல் எம்ஜிபியின் உற்பத்தியும் நின்றபோது அந்தச் சாதியே ஏறக்குறைய அற்றுப்போனது. பாப் ஹால் என்ற அமெரிக்கக் கார் பத்திரிகையாளர் 1970களின் இறுதியிலேயே மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் அப்படி ஒரு காரை நீங்கள் செய்யுங்களேன் என்று சொல்லியிருந்தார். யமமோட்டோ ரோட்டரி எஞ்சினோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய பொறியாளர், கிறுக்குத்தனமான யோசனைக்குக் காது கொடுக்கும் பழக்கம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது. ஹால் பிறகு மாஸ்டாவிலேயே வேலைக்குச் சேர்ந்தார். யமமோட்டோ ஹக்கோனே மலைப்பாதையில் ஒரு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரை ஓட்டிப் பார்த்தார். கடைசியில் வந்தது, எண்ணெய் சொட்டாத பிரிட்டிஷ் கார்.

எடையைக் குறைக்கிறேன் என்று எல்லாரும் சொல்லலாம், குறைக்க ஒரு வெறி வேண்டும். பானெட்டை அலுமினியத்தில் செய்தார்கள். கூரையை ஏற்றி இறக்க மோட்டார் கிடையாது, உட்கார்ந்தபடியே கையால் பின்னால் தள்ளிவிட வேண்டும். பின்கண்ணாடி கண்ணாடியே அல்ல, பிளாஸ்டிக் தாள். ஜிப்பைத் திறந்து அதைப் படுக்க வைப்பது முறை. பேட்டரியை டிக்கிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பேர் ஏறி உட்கார்ந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் எடை ஏறக்குறையப் பாதிப் பாதி. 2005இல் வந்த மூன்றாம் தலைமுறையில் ஓட்டுநர் பின்னால் பார்க்கும் கண்ணாடியில்கூட சில கிராம் மிச்சம் பிடித்தார்கள். வாங்கியவர் அந்த மிச்சத்தை முதல் நாள் மதியச் சாப்பாட்டிலேயே திருப்பி ஏற்றியிருப்பார் என்பது வேறு விஷயம். 950 கிலோ காரில் 95 கிலோ மனிதர் ஏறினால் மொத்த எடை பத்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. ஓட்டுநரின் தொப்பையை இவ்வளவு நேர்மையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வாகனம் சைக்கிளுக்குப் பிறகு இதுதான்.

குதிரைத்திறனைக் கூட்டினால் நேர்ச்சாலையில் மட்டும் வேகம் கூடும், எடையைக் குறைத்தால் எல்லா இடத்திலும் கூடும் என்பது லோட்டஸை நிறுவிய காலின் சாப்மனின் கொள்கை. பள்ளிக்கூட இயற்பியலும் அவர் பக்கம்தான். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் அதன் நிறைக்கு நேர்விகிதம். பாதி நிறை என்றால், அதே வேகத்திலிருந்து நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய சூடும் பாதி. ஆகவே சின்ன பிரேக் போதும். சின்ன பிரேக்கை மூட 14 அங்குலச் சக்கரம் போதும். அந்தச் சக்கரத்துக்கு மெல்லிய டயர் போதும். தாங்க வேண்டிய பாரம் குறைவு என்பதால் ஸ்பிரிங்கும் இரும்புத்தடி மாதிரி விறைத்து நிற்க வேண்டியதில்லை. ஒன்றைக் கழித்தால் அடுத்தது தானாகவே கழிந்துகொண்டு போகிறது. டயர் மாற்றிய அன்று பில்லைக் கையில் வாங்கும்போது சாப்மனைக் கேள்விப்படாதவருக்கும் இந்தக் கொள்கை புரியும்.

வேகம் என்று வந்தால் எதிர்க்கட்சி சிரிக்கும். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொட இந்தக் காருக்கு எட்டு ஒன்பது விநாடி ஆகிறது. சிக்னலில் பக்கத்தில் நிற்கும் மின்சாரக் குடும்பக் கார், பின்சீட்டில் பாட்டி தூங்கிக்கொண்டிருக்கும்போதே, அதைவிடச் சீக்கிரம் அந்த வேகத்தை எட்டிவிடும். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் சீக்கிரம் போய்ச் சேருவதா ஸ்போர்ட்ஸ் காரின் வேலை? அதற்கு ரயில் இருக்கிறது. பிரிட்டனின் கிராமத்துச் சாலைகளில் சட்டம் அனுமதிக்கும் உச்சம் மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 97 கிலோமீட்டர். 1989ஆம் வருட மியாட்டாவில் இரண்டாம் கியரிலேயே எஞ்சினை 7000 சுற்று வரை விரட்டினால் கார் கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான் வந்து நிற்கும். எஞ்சின் அலறுகிறது, காற்று முடியைப் பிய்க்கிறது, தார்ச்சாலை இடுப்புக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் ஓடுகிறது, ஓட்டுபவர் தன்னை உலகச் சாம்பியன் என்று நம்பத் தொடங்கிவிட்டார். அந்த நேரத்திலும் சட்டப்படி அவர் நல்ல பிள்ளை. மறுபக்கம் புகாட்டி ஷிரானைப் பாருங்கள்: 1500 குதிரைத்திறன், இரண்டு டன். அந்தத் திறனைப் பொதுச்சாலையில் சில விநாடிக்கு மேல் பயன்படுத்தினால் அடுத்த நிறுத்தம் நீதிமன்றம். பதினாறு அறை பங்களா வாங்கிவிட்டுத் திண்ணையில் குடியிருப்பது போன்ற வாழ்க்கை அது. இந்த 116 குதிரைகளிலோ சும்மா நின்று தீனி தின்னும் குதிரை ஒன்றுகூடக் கிடையாது.

இதெல்லாம் புதிய எம்எக்ஸ்-5க்கும் பொருந்துமே, பழையதை ஏன் கட்டி அழ வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தொழிற்சாலை கழித்தலைப் பாதிதான் செய்து அனுப்புகிறது, மீதியைக் காலம் செய்ய வேண்டியிருக்கிறது என்பது என் பதில். காலம் முதலில் கழிப்பது விலையை. 1989இல் அமெரிக்காவில் அறிவித்த விலை 13,800 டாலர். கிராக்கியைப் பார்த்த டீலர்கள் அதற்கு மேலும் வைத்து விற்றார்கள். அந்த மேல்காசையும், எந்தக் காருக்கும் முதல் சில வருடங்களில் விழும் பெரிய மதிப்பிழப்பையும் முதல் உரிமையாளர் என்ற புண்ணியவான் கட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்துக் கழிவது பயம். புதுக் காரின் சொந்தக்காரர் கடைவாசலில் ஒரு தள்ளுவண்டியைக் கண்டாலே நடுங்குகிறார், கூட்டத்தில் நிறுத்த மாட்டார், மழையில் எடுக்க மாட்டார். எந்தக் கீறலை யார் போட்டார் என்று யாருக்கும் தெரியாத காரை வைத்திருப்பவர் எங்கும் போவார். ஓட்டுவதற்கென்றே செய்த பொருளை ஓட்டப் பயப்படாமல் இருப்பது சின்ன விஷயமா?

மூன்றாவதாகக் கழிவது மர்மம், எனக்கு இதுதான் மிக முக்கியம். எந்தக் காரிலும் கோளாறு உண்டு. புது மாடலின் கோளாறு என்ன என்று செய்தவருக்கே இன்னும் தெரியாது. 2016இல் மொத்த உற்பத்தி பத்து லட்சத்தைத் தாண்டிய காரின் கோளாறுகள் எல்லாம் ஊரறிந்த கோளாறுகள். ஆரம்ப வருட 1.6 லிட்டர் எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்டின் முனை பலவீனம், அதைப் பார்த்து வாங்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினை எழுப்பினால் டேப்பெட் டிக் டிக் என்னும், பயப்பட வேண்டாம். டைமிங் பெல்ட் அறுந்தால் கார் நடுவழியில் நிற்கும், ஆனால் இந்தப் பழைய எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து எல்லாம் நாசமாகாது. அமெரிக்காவில் ஸ்பெக் மியாட்டா என்று ஒரு பந்தயப் பிரிவே இந்தப் பழைய கார்களை நம்பி நடக்கிறது. ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் சொந்தக் காசில் பந்தயம் விடும் அமெச்சூர்கள். சொந்தக் காசைப் போடுபவன் தரும் சான்றிதழுக்கு எந்த விளம்பரமும் ஈடில்லை.

இனி ஆட்சேபங்கள். காலம் கழிக்கிறது என்றேன், ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியாது. விலையையும் பயத்தையும் கழித்த கையோடு தகட்டையும் கழித்துக்கொண்டே போகிறது. துரு. கூரை மடங்கும் இடத்தில் சேரும் மழைநீர் வெளியேற இருபுறமும் வடிகால் உண்டு. இலைதழை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகட்டுக்குள் இறங்கி நிரந்தரமாகக் குடியேறிவிடும். பின்சக்கரத்துக்கு முன்னால் பெயின்டில் ஒரு கொப்புளம் தெரிகிற அன்று உள்ளே வேலை முடிந்திருக்கும். பிரிட்டனில் குளிர்காலச் சாலையில் உப்பு தூவுவார்கள், துருவுக்கு அது திருவிழா. இதற்கு மாற்று, வாங்கும்போது புத்தியைப் பெயின்டில் விடாமல் தரையில் படுத்துப் பார்ப்பது. தேய்ந்த எஞ்சினை எடுத்துவிட்டு வேறு வைக்கலாம், அழுகிய உடம்பை மாற்ற முடியாது. வாங்குபவர்களில் பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள்: எஞ்சினுக்குக் காது கொடுத்து அரைமணி நேரம் நிற்பார்கள், முழங்கால் அழுக்காகும் என்று கீழே குனிய மாட்டார்கள். அப்படியும் ஒரு வெல்டிங் செலவு வந்தால் வலிக்கும்தான். புதுக் கார் முதல் வருடத்தில் இழக்கும் மதிப்புக்கு யாரும் பில் நீட்டுவதில்லை, அதனால்தான் அது வலிப்பதில்லை.

பாதுகாப்பு என்று யாராவது ஆரம்பித்தால் என் குரல் கொஞ்சம் இறங்கும். பிரிட்டனில் ஆரம்பத்தில் விற்ற கார்களில் காற்றுப்பையும் இல்லை, ஏபிஎஸ்ஸும் இல்லை. பக்கத்தில் லாரி வந்தால் ஓட்டுநரின் கண் நேராகப் பார்ப்பது சக்கர நட்டை. இரண்டு டன் வண்டியோடு மோத நேர்ந்தால், இதுவரை எனக்காக வாதாடிய இயற்பியல் அப்படியே கட்சி மாறிவிடும்: இலேசான வண்டிக்குத்தான் அடி அதிகம். மோட்டார் சைக்கிளைவிடத் தேவலை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் ஒரு காரைக் காப்பாற்ற மோட்டார் சைக்கிளைச் சாட்சிக்கு அழைக்கும்போதே வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். தினமும் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஆபீஸ் போக இதை யாரும் வாங்கக் கூடாது, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

மற்ற ஆட்சேபங்கள் சில்லறை. டிக்கி 124 லிட்டர், கல்யாணத்துக்குப் போகும் குடும்பத்தின் பெட்டி கொள்ளாது என்கிறார்கள். மூன்றாவது ஆளுக்கே இடமில்லாத காரில் குடும்பத்தை யார் கூப்பிட்டது? ரயில் நிலையத்திலிருந்து உறவினரை அழைத்து வரும் கடமையிலிருந்து கௌரவமாக விடுபட இதைவிட நல்ல வழி இல்லை. நடுவயதுக் கோளாறு என்பார்கள். இருக்கட்டும், அந்த வயதில் மனிதர்கள் செய்யும் மற்ற காரியங்களோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவும் குறைவு, வக்கீலும் வேண்டாம். பிரிட்டனில் இதைச் சிகை அலங்காரக்காரர்களின் கார் என்று கேலி செய்வார்கள். நாளெல்லாம் நின்றுகொண்டே உழைக்கிற ஒருவர் சாயங்காலம் உட்கார நல்ல இடம் பார்த்து வாங்கியிருக்கிறார் என்றால் கேலி செய்பவருக்குத்தான் ரசனை போதாது.

கடைசி ஆட்சேபம் கொஞ்சம் கூர்மையானது. பழையது மலிவு என்ற காலம் மலையேறிவிட்டது என்கிறார்கள். முதல் தலைமுறைக் காரின் விலையைச் சேகரிப்பாளர்கள் ஏற்றிவிட்டார்கள். 2017இல் மாஸ்டாவே ஜப்பானில் அந்தக் கார்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்தது. அதற்காகப் பிரிட்ஜ்ஸ்டோன் பழைய 14 அங்குல டயரை மறுபடி வார்த்துக் கொடுத்தது. கழித்ததையெல்லாம் சந்தை திருப்பிக் கூட்ட ஆரம்பித்துவிட்டது. பணம் கூடினால் பயம் கூடும், பயம் கூடினால் கார் போர்வைக்குள் போய்விடும். ஒப்புக்கொள்கிறேன். அதனால் 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறையைப் பார்க்கச் சொல்கிறேன். முதல் காரில் விளக்குகள் பானெட்டுக்குள்ளிருந்து எழுந்து முழிக்கும். இதில் அவை சாதாரணமாக முகத்திலேயே இருக்கின்றன. அந்த ஒரு குறைக்காகச் சேகரிப்பாளர்கள் இன்னும் அந்த அளவுக்கு மொய்க்கவில்லை, விலையும் குறைவாகவே இருக்கிறது. எஞ்சின் அதே பரம்பரை, பின்கண்ணாடி நிஜமான கண்ணாடி. முன்பக்கம் சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களும் உள்ளிருந்து துருப்பிடிப்பது இதன் தனி வியாதி. ஜாக்கி போட்டுத் தூக்கி, அந்தச் சட்டங்களைச் சின்னச் சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். தட்ட வேண்டாம் என்று விற்பவர் பதறினால் மேற்கொண்டு விலை பேச வேண்டியதில்லை.