கோடு தாண்டாதவர்

காலை ஒன்பது மணிக்கு இங்கிலாந்தின் மாலம் கிராமத்து விடுதியிலிருந்து அவர் புறப்படுவதைப் பார்த்தால், துருவத்துக்குக் கிளம்புகிறார் என்றுதான் தோன்றும். கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் வரைபடம். அதே கழுத்தில் திசைகாட்டி, அதற்குத் துணையாக ஒரு விசில். இரண்டு கையிலும் ஊன்றுகோல். சேறு தெறிக்காமலிருக்க முழங்காலுக்குக் கீழே துணிக்கவசம். போகிற இடமோ வடக்கே ஹார்ட்டன் என்கிற இன்னொரு கிராமம். சுமார் 23 கிலோமீட்டர். காரில் போனால் அரை மணியோ கொஞ்சம் கூடவோ ஆகும். காரில்தான் அவருடைய மனைவி போகிறார், பெட்டிகளோடும் ஒரு துப்பறியும் நாவலோடும்.

பென்னைன் வே நெடும்பாதையில் இவரைப் போன்றவர்களை நாள்தோறும் பார்க்கலாம். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், நகராட்சிக் கணக்கர், பல் மருத்துவர் என்று யாராகவும் இருப்பார். ஊரில் பரம சாது. ஹோட்டலில் சூப் ஆறிப்போய் வந்தாலும் 'பிரமாதம்' என்று குடித்துவிடுவார். யாராவது காலை மிதித்தால் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். பாதையில் இறங்கியதும் ஆள் வேறாகிவிடுகிறார். காரணம், ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தில் பொதுவழியைக் காட்டும் பச்சைக் கோடு. அந்தக் கோட்டின்மேல் நிற்கும்வரை அவரை யாராலும் அசைக்க முடியாது. கோடு மாட்டுக்கொட்டில் வழியாகப் போனால் இவரும் மாட்டுக்கொட்டில் வழியாகப் போவார். யாரோ ஒருவருடைய கொல்லைப்புறத்தில், கொடியில் காயும் உள்ளாடைகளுக்கு நடுவே போனால், குனிந்து போவார். கண்ணை மட்டும் மரியாதையாக வானத்தில் வைத்துக்கொள்வார். கோடு சகதியில் இறங்கினால் இவரும் இறங்குவார். பத்தடி தள்ளிப் புல்தரை காய்ந்து கிடக்கும். "அது வழியில்லை" என்பார், கணுக்கால் வரை சகதியில் நின்றபடி.

சகதி குறைந்துபோனதில் அவருக்குத் தீராத மனக்குறை வேறு. தெற்கே ஈடேலிலிருந்து கிளம்பினால் முன்பெல்லாம் ஆள் புதைகிற சதுப்பாம். இப்போது லங்காஷயரில் இடித்த பஞ்சாலைகளின் தரைக்கற்களைக் கொண்டுவந்து பல இடங்களில் பாவிவிட்டார்கள். ஷூ நனையாமல் நடக்கலாம். "இப்படியே போனால் யார் வேண்டுமானாலும் நடந்துவிடுவார்களே!"

ஊர் எல்லையிலேயே மாலம் கோவ் என்கிற 80 மீட்டர் சுண்ணாம்புப் பாறைச்சுவர் நிற்கிறது. பக்கத்தில் நானூறு படிகள். மேலே ஏறினால் வெடித்து வெடித்துக் கிடக்கும் பாறைத்தளம். ஹாரி பாட்டர் படத்தில் ஹாரியும் ஹெர்மயனியும் கூடாரம் போட்ட இடம். "ஹாரி பாட்டர் பாறை எங்கே இருக்கிறது?" என்று இரண்டு பெண்கள் அவரைக் கேட்டுவிடுகிறார்கள். சுண்ணாம்புக்கல் மழைநீரில் கரையும் விதம், வெடிப்புக்குப் பெயர் கிரைக், பாளத்துக்குப் பெயர் கிளின்ட், வெடிப்புக்குள் வளரும் பெரணிகள் என்று எல்லாவற்றையும் விளக்குகிறார். அவர்கள் நிற்பதே அந்தப் பாறையின் மேல்தான் என்பதை மட்டும் சொல்ல விட்டுப்போகிறது.

அடுத்தது கணக்கு. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வகுத்த விதி அவருக்கு வாய்ப்பாடு: 3 மைலுக்கு ஒரு மணி, 2,000 அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி. விதி சரியாக வராத நாளில் தப்பு மலையின் மேல்தான். கணக்குப் பார்க்க வரைபடத்தைப் பிரிக்கவேண்டும். அது இரண்டு பக்கமும் அச்சிட்டது. வேண்டிய இடம் எப்போதும் மறுபக்கத்தில்தான் இருக்கும். திருப்புகிற நேரம் பார்த்துக் காற்று வரும். ஆள் தெரியாமல் வரைபடம் மூடிக்கொண்ட நிலையிலும், எதிரே வருகிறவருக்கு உள்ளிருந்து "மார்னிங்" சொல்லத் தவறமாட்டார். லண்டன் ரயிலில் பல வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூடச் சொல்லாத வார்த்தை அது.

ஒரு வயலில் காளை நிற்கிறது. நீங்களும் நானும் என்றால் கொம்பைப் பார்ப்போம். அவர் இனத்தைப் பார்க்கிறார். 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவழி போகும் வயலில் பத்து மாதத்துக்கு மேற்பட்ட பால்மாட்டு இனக் காளையை விடக்கூடாது. இறைச்சி இனத்துக் காளை, கூடவே பசுக்களும் இருந்தால் விடலாம். "ஹியர்ஃபோர்டு. பசுக்களும் இருக்கின்றன. சட்டப்படி அது அங்கே நிற்கலாம், நான் இங்கே போகலாம்." காளை சட்டம் படித்ததாகத் தெரியவில்லை, இரண்டடி முன்னால் வருகிறது. அன்றைக்கு நெய்ஸ்மித் கணக்கை அவர் முறியடிப்பது அந்த வயலில்தான். அப்போதும் கோட்டை விட்டு விலகவில்லை.

மாலம் டார்ன் ஏரிப்பக்கம் வந்ததும் குரல் மாறுகிறது. 1932 ஏப்ரல் 24 அன்று, தெற்கே கிண்டர் ஸ்கௌட் மேட்டில் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் சில நூறு பேர் அத்துமீறி ஏறினார்கள். பணக்காரர்கள் கிரவுஸ் பறவை சுடுவதற்காக ஊராரை விடாமல் அடைத்துவைத்திருந்த நிலம். காவலாட்களோடு கைகலப்பு, 5 பேருக்குச் சிறை. 20 வயது பென்னி ராத்மனுக்கு நான்கு மாதம். மூன்று வருஷம் கழித்து டாம் ஸ்டீவன்சன் என்ற பத்திரிகையாளர், இங்கிலாந்தின் முதுகெலும்பு நெடுக ஒரு பாதை வேண்டும் என்று 'டெய்லி ஹெரால்ட்' இதழில் எழுதினார். வயல் வயலாக, மேடு மேடாக உரிமை வாங்கி இந்தப் பென்னைன் வே திறந்தபோது 1965 ஆகிவிட்டது. அதே ஏப்ரல் 24. திறந்த இடம் இந்த மாலம் மேட்டுநிலம். இதைக் கேட்டபிறகு, அவர் சகதியில் நிற்பதைப் பார்த்துச் சிரிப்பது சற்றுக் கஷ்டம்தான். சற்றுத்தான்.

இத்தனை நடைக்கும் நேர்த்திக்கடன் கிடையாது, பந்தயம் கிடையாது. 431 கிலோமீட்டர் முடிந்து ஸ்காட்லாந்தின் கிர்க் யெத்தம் கிராமத்து ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தால் அரை பைண்ட் பீர் உண்டு. கெண்டல் நகராட்சியில் பொருளாளராக இருந்துகொண்டே மலைவழிகாட்டி நூல்கள் எழுதிய வெய்ன்ரைட், முழுப்பாதையும் நடந்தவருக்குத் தன் செலவில் அரை பைண்ட் என்று அறிவித்து வருஷக்கணக்கில் பணம் கட்டினார். "ஏன் முழு பைண்ட் இல்லை?" என்று கேட்டால் நம்மவர் அதிர்ந்துபோவார். இலவசத்தில் முழு பைண்ட் என்பது பேராசை.

ஃபவுன்டன்ஸ் ஃபெல் மேட்டில் நனைந்த சாண்ட்விச். இறங்கினால் தார்ச்சாலை, ஓரத்தில் கார், காருக்குள் நாவல். அந்த அம்மாள் தலைநிமிர்த்தி, "மேலே காட்சி எப்படி?" என்கிறார். "அபாரம்!" மேலே மூடுபனியில் அவருக்குத் தெரிந்தது தன் ஷூ மட்டும். அடுத்து 694 மீட்டர் பென்-இ-கென்ட். அங்கேயும் ஷூ.

ஹார்ட்டன் சாலையில் கால்வைக்கும்போது மழை சாய்த்து ஊற்றுகிறது. விடுதிக்கு இன்னும் முந்நூறு மீட்டர். கார் பக்கத்தில் வந்து நிற்கிறது.

"ஏறிக்கொள்ளேன், டியர்."

"ஏறினால் முழுப்பாதையும் நடந்தேன் என்று எப்படிச் சொல்வது?"

"முந்நூறு மீட்டர் குறைத்துச் சொல்லேன்."

அவர் பதில் சொல்லவில்லை; இப்படி ஒரு யோசனையை முப்பத்தைந்து வருஷம் கூடவே வாழ்ந்தவர் சொன்னாரே என்ற வருத்தம் முகத்தில். கார் அவர் நடைக்கு ஈடாக ஊர்கிறது. கண்ணாடியைப் பாதி இறக்கி, மகள் போனில் சொன்ன சேதிகளை அந்த அம்மாள் ஒவ்வொன்றாகச் சொல்லி வருகிறார். பின்னால் ஒரு டிராக்டர், அதற்குப் பின்னால் நாலு கார்கள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. டிராக்டர்காரருக்கு இந்த ரகம் பழக்கம். பிளாஸ்க் மூடியில் ஊற்றிய தேநீர் ஜன்னல் வழியே வெளியே வருகிறது. நடந்துகொண்டே வாங்கிக் குடிக்கிறார். வண்டியிலிருந்து தேநீர் வாங்கலாம். வண்டியில் கைவைக்கத்தான் கூடாது.