பாட்டன் வண்டி

பிரிட்டனில் பழைய ஃபோக்ஸ்வேகன் கேம்பர் வேனை வாங்கித் தன் கையாலேயே புதுப்பிப்பவர்கள் தனி இனம். நம்மூரில் வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். கேம்பர் இரண்டும் சேர்ந்தது. தரை, கூரை, அடுப்பு, மெத்தை எல்லாம் நாமே போட வேண்டும். பிறகு காலம் முழுக்க அதோடு குப்பை கொட்ட வேண்டும்.

முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்த, 1967 வரை வந்த வண்டி என்றால் மவுசு அதிகம். "லேசாகத் துரு" என்பார் விற்பவர். பெயின்ட்டைச் சுரண்டினால்தான் தெரியும், வண்டியைத் தாங்கிக்கொண்டிருப்பதே துருதான். வெல்டிங் பழக ஒரு குளிர்காலம் போகும். பழகும்போது ஒட்டியதைப் பிரித்து மறுபடி ஒட்ட இன்னொன்று.

இன்ஜின் பின்பக்கம், காற்றில் குளிர்வது. ரேடியேட்டரே கிடையாது, தண்ணீர் கொதிக்கும் கவலையும் இல்லை. மேடேறும்போது கொதிப்பவர்கள் பின்னால் வரிசைகட்டி ஊர்ந்து வரும் கார்க்காரர்கள்தான்.

அரசின் கருணையையும் சொல்ல வேண்டும். பெரிய மாற்றம் செய்யப்படாமல் 40 வயது தாண்டிய வண்டிக்கு 2018 முதல் அங்கே ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. மூன்று வயதுக் காருக்கு உண்டு. பிரேக்கின் மேல் அத்தனை நம்பிக்கையா, பாட்டனின் மேல் அத்தனை மரியாதையா, புரியவில்லை.

கார்ன்வால் கடற்கரைக்குக் கிளம்புகிறவர்களே, இழுவை வண்டிக்காரரின் எண்ணை மெத்தைக்கு அடியில் வைக்காதீர்கள். சட்டைப் பையில் இருக்கட்டும்.