சுகர் பெரியப்பா

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சுகர் பெரியப்பா திடீரென்று ஒழுக்கசீலர் ஆகிவிடுவார். ராத்திரி இரண்டு கோதுமை தோசையோடு கையைக் கழுவிக்கொள்வார். விடிந்ததும் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி நடப்பார். பெரியம்மா வைக்கும் பாகற்காய்ப் பொரியலைப் பாராட்டிச் சாப்பிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மாள் கேட்டிராத பாராட்டு அது. பிறகு ஒருநாள் வெறும் வயிற்றோடு லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவார். ரிசல்ட் 110 என்று வரும். அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஊருக்கு வந்து இறங்குவார். நாமெல்லாம் அதை ரிப்போர்ட் என்போம். அவருக்கு அது லைசென்ஸ்.

இந்த அருமையான ஏற்பாட்டில் மண்ணைப் போட்டது எச்பிஏ1சி என்கிற டெஸ்ட். ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, போன இரண்டு மூன்று மாதக் கணக்கை ஒரே எண்ணில் சொல்லிவிடும். ஒரு வாரத்துப் பாகற்காயெல்லாம் அதனிடம் எடுபடாது. ஆவணி முகூர்த்தப் பந்திகள், பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை, ஆயுத பூஜைப் பொரி வெல்லம் என்று யாரும் பார்க்காத நேரத்தில் உள்ளே போனதெல்லாம் வரிசையாக வந்து சாட்சி சொல்லும். பெரியப்பா அதை நம்புவதில்லை. "லேபுக்காரன் காசு பிடுங்க வழி கண்டுபிடிச்சிருக்கான்" என்று முடித்துவிடுவார்.

தீபாவளி விடிகாலை, எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் லேகியம். அதில் வெல்லமும் நெய்யும் இருப்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அது மருந்துக் கணக்கில் சேர்த்தி. அதனால் இரண்டாவது உருண்டையும் மருந்துதான். அடுத்தது, மதுரைப் பக்கத்து வீடுகளில் பலவற்றிலும் போல, இட்லியும் கறிக்குழம்பும். கறியில் சீனி கிடையாது என்று இலைக்கு இலை எடுத்துச் சொல்வார். அந்தக் கறியைச் சாக்கிட்டு எட்டு இட்லி உள்ளே போவதைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார். சாப்பிட்டு முடித்ததும் அடுப்படியைப் பார்த்து ஒரு குரல்: "எனக்குக் காப்பியில சீனி போட்டுறாதீங்க!" தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அந்தக் காப்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதிரசத் தட்டைப் பக்கத்தில் இழுப்பார்.

அவர் அதிரசம் சாப்பிடுவதை நின்று பார்க்க வேண்டும். அடுக்கில் மேலாக இருப்பதைத் தொடமாட்டார். ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருப்பதாகத் தேடி, அடியிலிருந்து உருவுவார். பழைய பேப்பரில் வைத்து, இன்னொரு தாளால் மூடி, உள்ளங்கையால் அமுக்குவார். பிறகு எண்ணெய் ஊறிய தாளை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார். "பாத்தியா, அத்தனை எண்ணெயும் இங்க வந்துருச்சு." அப்புறம் சரிபாதியாகப் பிய்ப்பார். "பாதிதான்." மறுபாதி தட்டுக்குத் திரும்பிவிடும். பத்து நிமிடம் கழித்து அதே வழியாக வருகிறவர், "யாரு இது, பாதியத் தின்னுட்டுப் போட்டது? பண்டத்த வீணாக்கலாமா?" என்று கண்டித்தபடி அதை வாயில் போட்டுக்கொள்வார்.

வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், ரத்தத்துக்குள் போனால் சீனியும் அதுவும் ஒன்றுதான் என்று பார்மசி படிக்கும் பேத்தி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் வெல்லந்தாம்மா தின்னாரு" என்றார். அந்தத் தாத்தா பொழுதுக்கும் வயலில் கிடந்தவர், தீபாவளியை விட்டால் அதிரசத்தைக் கண்ணால் கண்டதில்லை என்பதை யாரும் எடுத்துவிடவில்லை. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு வம்பு?

அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. குடும்பமே உடந்தை. வாய் ஓயாமல் திட்டும் பெரியம்மாதான் பலகாரத் தூக்கைப் பரணில் ஏற்றிவைப்பார். ஸ்டூலை அதற்கு நேர் கீழே விட்டுவிட்டுப் போகிறவரும் அவரேதான். "அண்ணனுக்குன்னு நாலு சுசியம் இனிப்புக் கம்மியாப் போட்டிருக்கேன்" என்று அத்தை தனிக் கிண்ணம் நீட்டுவார். எடுத்துத் தின்று பார்த்தால், மற்ற சுசியத்துக்கும் அதற்கும் கிண்ணம்தான் வித்தியாசம்.

ஆனாலும் என் ஓட்டு பெரியப்பாவுக்குத்தான். சுகர் இல்லாத நாங்கள் டிவியில் பட்டிமன்றத்தைப் பார்த்துக்கொண்டே எத்தனை குலாப் ஜாமூன் விழுங்கினோம் என்றுகூடத் தெரியாமல் எழுந்து போகிறோம். பாகு ஒரு கம்பி முற்றிவிட்டது, ஏலக்காய் போன வருஷத்துச் சரக்கு என்று கண்டுபிடித்துச் சொல்ல அவர் ஒருவர்தான் இருக்கிறார். ருசித்துச் சமைக்கிறவளுக்கு அப்படி ஒரு ஆள் போதும்.

ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்றது; அதற்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர்கள் 13 கோடிக்கும் மேல். அந்தப் பேப்பர் செய்தியைப் பெரியப்பா கத்தரித்துப் பர்சில் வைத்திருக்கிறார். நமக்குத் திகிலாக இருக்கும் கணக்கு அவருக்குக் கட்சி பலம். ஆள் சேர்க்கத்தான் பையில் குளுக்கோமீட்டரோடு வருகிறார் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் ஆனதும் கடிகாரத்தைப் பார்ப்பார். "வாங்கடா, விரல நீட்டுங்க."

போன தீபாவளிக்குச் சிக்கியது அத்தை வீட்டு மாப்பிள்ளை. காலையிலிருந்து, "பெரிய மாமா, உங்களுக்கு எதுக்கு ஜாமூன்? இங்க தள்ளுங்க" என்று வம்பிழுத்துக்கொண்டே இருந்தவர், சிரித்தபடிதான் விரலை நீட்டினார். மெஷின் யோசித்தது. 236. பேரன் பிறந்த அன்றுகூடப் பெரியப்பா முகம் அப்படிப் பிரகாசித்து நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை பெண்டாட்டி பக்கம் திரும்பவே இல்லை.

"வெறும் வயித்துல லேபுல ஒரு தடவ பாத்துருங்க, மாப்ள. டாக்டர் சொல்றத அப்படியே கேளுங்க" என்று பெரியப்பா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். பிறகு தோளில் கையைப் போட்டுத் திண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். "பந்தியில மட்டும் சின்னப் பிள்ளைங்க பக்கத்துல எடம் புடிச்சுக்கங்க. அதுங்க எதையும் பாதிக்கு மேல தின்னாது."