குற்றமெல்லாம் குழலுக்கே

இங்கிலாந்தில், சர்ரே பகுதியில் இருக்கிறது பிஸ்லி மைதானம். 1890 முதல் அங்கே குப்புறப் படுத்து, தொலைதூர இலக்குகளைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்கள் சுடுவதற்காகத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் கிளப்பில் ஒருவர், நம்மவர், குழல் மாற்றுவதற்காக வைத்திருக்கிறார்.

வணக்கம் சொன்னால் பதிலுக்குச் செல்போனை நீட்டுவார். பேரன் படம் போலிருக்கிறது என்று ஆசையாகக் குனிந்தால், சித்திரை மாதத்து ஏரி மாதிரி எதுவோ வெடித்துக் கிடக்கும்.

“தொண்டை” என்பார், தம்முடையது கம்ம.

குழலுக்குள் குண்டு நுழையும் வாசலுக்குத்தான் அந்தப் பெயர். மருந்தின் அனல் பட்டுப் பட்டு அங்கே எஃகு வெடிப்பது இயற்கை. ஆனாலும் .308 குழல் ஏறக்குறைய 5000 குண்டு தாங்கும். நம்மவர் சுட்டது 2200. குழலுக்குள் விடுகிற குட்டிக் கேமரா மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தது. அன்றோடு போயிற்று அவர் தூக்கம்.

புதுக் குழல் தேடும் படலம் பெண் பார்க்கும் படலத்தைவிட நீளம். அமெரிக்கக் க்ரீகரா, பார்ட்லைனா? அங்கே கொக்கி உளியை நூற்றுக்கணக்கான தடவை இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் மயிரிழையிலும் சிறு பங்காகச் சுரண்டிக் குழலின் உட்சுவரில் சுருள் காடி வெட்டுகிறார்கள். இல்லை, ஜெர்மனியின் லோத்தார் வால்தரா? அங்கே கடினமான உலோகக் குமிழை உள்ளே செலுத்தி ஒரே இழுப்பில் காடியைப் பதித்துவிடுகிறார்கள். காடி ஒரு சுற்றுச் சுற்றப் பத்து அங்குலமா, பதின்மூன்றா? 155 கிரெய்ன் எடைக் குண்டுக்கு எது ராசி? எல்லாரையும் கேட்பார். “இரண்டும் நல்லதுதான்” என்று சொன்னவரோடு மட்டும் இரண்டு வாரம் பேசமாட்டார்.

மாதக்கணக்கில் காத்து, கடைசியில் முப்பது அங்குலக் குழல் வந்து சேர்ந்தது. உடனே சுட்டுவிடலாமா? சாங்கியம் இருக்கிறதே! ஒரு குண்டு சுட்டு ஒரு முறை துடைக்க வேண்டும். மறுபடி ஒன்று, மறுபடி துடைப்பு. பத்தாவது துடைப்பில் துணி வெள்ளையாக வந்ததும் பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கும் தகப்பன் மாதிரி முகம் மலர்ந்தார்.

போட்டி நாள். ஆயிரம் கெஜம். பிஸ்லி வழக்கப்படி பக்கத்தில் படுப்பவர்தான் ஸ்கோர் எழுத வேண்டும். அந்தப் பொறுப்பு எனக்கு. நம்மவர் மூச்சடக்கி விசையை அழுத்தப்போகும் நேரம், சோம்பிக் கிடந்த காற்றுக் கொடி விறைத்து வலப்பக்கம் நீண்டது. எனக்குத் தெரிந்தது. அவர் கண் புதுக்குழல் மினுமினுப்பிலிருந்து மீளவில்லை. சுட்டார். இலக்கு குழிக்குள் இறங்கி, வெள்ளைத் தட்டு குத்தப்பட்டு மேலே வந்தது: வலது ஓரம், நான்கு. குறுக்குக் காற்றை மணிக்கு 2 மைல் தப்பாகக் கணித்தாலே, அந்தத் தூரத்தில் குண்டு ஒன்றரை அடி தள்ளிப் போகும்.

நம்மவர் போல்ட்டைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

“பார்ட்லைனே வாங்கியிருக்கலாம்.”

சரி, பழைய குழல்? அமெரிக்காவில் தேய்ந்த குழலைத் தக்காளிச் செடிக்கு முட்டாகக் கொடுக்கலாம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். இங்கிலாந்தில் அதற்கும் வழியில்லை. வெறும் குழலானாலும் 1968 துப்பாக்கிச் சட்டப்படி அது ஆயுதத்தின் அங்கம். தக்காளிக்கே லைசென்ஸ் எடுக்க வேண்டும்.

அதனால் கிளப்பில் இருக்கும் பாட்டி ஒருவருக்கு அதைத் தேநீர்க் காசுக்குக் கொடுத்தார். பாட்டியின் துப்பாக்கிச் சான்றிதழில் ஒரு குழலுக்கு இடமிருந்தது. அவர் கேமரா கீமரா எதுவும் விடவில்லை. துப்பாக்கி ஆசாரியிடம் கொடுத்து, வெடித்த பக்கம் ஓர் அங்குலத்தை நறுக்கி, புதிதாக மரை போட்டு, தோட்டா அமரும் அறையைக் கடைந்து மாட்டிக்கொண்டார். 1930-இல் பிஸ்லியின் அரசர் பரிசை முதன்முதலாக வென்ற பெண் மார்ஜரி ஃபாஸ்டர். பாட்டிக்கு அவர்தான் தெய்வம். அந்தம்மாள் வென்றது பட்டாளத்து .303 துப்பாக்கியால். தொண்டையைப் படமெடுக்க அன்று யாரிடமும் கேமரா இல்லை.

அடுத்த போட்டியில் பாட்டி வெள்ளிக் கரண்டி வாங்கினார். பிஸ்லியில் பரிசு என்றால் பல சமயம் கரண்டிதான்.

நம்மவர் ஓடிவந்தார். வாழ்த்தத்தான் வருகிறார் என்று நினைத்தேன். பாட்டியின் துப்பாக்கியைச் சுற்றிச் சுற்றி வந்து, குழலைத் தடவிப் பார்த்தார்.

“இதைத் திருப்பித் தருவீர்களா? என்ன விலையானாலும் சரி.”

பாட்டி பதில் சொல்லவில்லை. அவர் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.