நெடுந்தீவிலிருந்து ஒரு தாழ்மையான விண்ணப்பம்

பெறுநர்:
உயர்திரு அனுமதிப் பட்டியல் அதிகாரி அவர்கள்,
பயோஸ் சோதனைச் சாவடி,
லப்டொப்பின் உட்பக்கம்.

ஐயா,

விடயம்: ஏ.ஆர். 9280 என்னும் வைஃபை அட்டை உட்பிரவேசிக்க அனுமதி கோரல்

கணினியை எழுப்பும் பயோஸ் மென்பொருளுக்குள் தாங்கள் நியமனம் பெற்ற வர்த்தமானி அறிவித்தலை நான் எங்கும் கண்டதில்லை. ஆனாலும் தங்கள் அதிகாரத்தில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. சுவிஸில் இருக்கும் மருமகன் பாவித்துக் களைத்து அனுப்பிய லப்டொப்பின் அடிமூடியைக் கழற்றி, உள்ளே இருந்த வைஃபை அட்டையை எடுத்துவிட்டு, மேற்படி அட்டையைப் பூட்டி, சுவிச்சை அழுத்தினேன். கறுப்புத் திரையில் தங்களின் கட்டளை வந்தது: அங்கீகாரமில்லாத அட்டை, நிறுத்து, கழற்று, பிறகு வா. அதோடு மெசின் மூச்சு விடவில்லை.

அட்டையின் அடையாள இலக்கத்தைப் பார்த்தீர்கள். தங்களிடம் உள்ள பட்டியலில் அது இல்லை. விசாரணை அத்துடன் முடிந்தது. யுத்த காலத்தில் மண்டைதீவுச் சந்தியில் படையினர் மறித்தபோதுகூட எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்றாவது கேட்பார்கள்.

தங்கள் திணைக்களம் சிறியதல்ல என்று பிறகு விசாரித்து அறிந்தேன். திங்க்பேட்களில் 1802 என்ற இலக்கத்தோடும், எச்பி கணினிகள் பலவற்றில் 104 என்ற இலக்கத்தோடும் தங்கள் சகாக்கள் நீண்ட காலம் கடமையாற்றியிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே யூனிஃபோம்தான்.

இனி, நான் ஏன் அட்டையை மாற்றினேன் என்ற வாக்குமூலம். தாங்கள் சல்யூட் அடித்து உள்ளே விடும் இன்டெல் அட்டை தனியாக வேலை செய்யாது. கணினி எழும்பும்போது ஒரு மூட்டை அதற்குள் இறக்கப்பட வேண்டும். ஃபேர்ம்வெயார் என்று பெயர். அது கட்டி முத்திரை வைத்த மூட்டை. மூலநிரல் வெளியே வருவதில்லை. மூட்டையைக் கொண்டுபோகலாம், இறக்கலாம். அவிழ்த்து உள்ளே என்ன என்று பார்க்க முடியாது. கட்டற்ற மென்பொருள் மட்டுமே பாவிப்போம் என்று பிடிவாதம் பிடிக்கும் திரிஸ்குவெல் போன்ற லினக்ஸ்களில் மூட்டை வராது, ஆகவே அட்டையும் எழும்பாது. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ்காரரும் 2011இல் இந்த மூட்டைகளை லினக்ஸின் கருவான கேர்னலுக்கு வெளியே வைத்தார்கள். 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023இல் வந்த 12ஆம் பதிப்பில் நிறுவியோடு சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். அதுவரை மூட்டை வேண்டுமென்றால் இணையத்தில் இறக்க வேண்டும், இணையம் வேண்டுமென்றால் மூட்டை வேண்டும். போனை வயரால் செருகிச் சமாளிக்கலாம்தான். போனிலும் ரீலோட் முடிந்தவன் குறிகட்டுவானுக்குப் படகெடுக்க வேண்டியதுதான்.

தாங்கள் திருப்பி அனுப்பிய ஏ.ஆர். 9280இடம் மூட்டை கிடையாது. வெறுங்கையோடு வந்தது. அதெரோஸ் கம்பனி 2008இல் அதன் இயக்கியை மூலநிரலோடு லினக்ஸுக்குக் கொடுத்தது. படிக்கத் தெரிந்தவர் வரிவரியாகப் படிக்கலாம். ஆக, கட்டிய மூட்டையோடு வருபவர் உள்ளே, பையைக் கவிழ்த்துக் காட்டுபவர் வெளியே! பாதுகாப்புக் கடமையில் இவ்வளவு அனுபவமுள்ள நாட்டில்கூட இப்படி ஒரு சென்றி இருந்ததில்லை.

காரணம் கேட்டால், தங்கள் எசமானர்களான கணினிக் கம்பனிக்காரர் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவான எஃப்சிசியின் விதிகளைக் காட்டுகிறார்கள். அட்டையும் அன்டெனாவும் சோடியாகச் சோதிக்கப்பட்டவையாம், சோடி பிரியக்கூடாதாம். நல்லது. திருத்தப்பட்ட 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டப்படி எங்களுக்கும் கொழும்பில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஒன்று இருக்கிறது. நெடுந்தீவின் காற்றில் போகும் அலைக்கு அதனிடம் பதில் சொல்ல நான் தயார். வாஷிங்டனுக்கும் எனக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்? அதைவிட, அதே அதெரோஸ் குடும்பத்து ஏ.ஆர். 9271ஐ யூஎஸ்பி துளைக்குள் செருகினால் தாங்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதற்கு மூட்டை உண்டு, ஆனால் 2013இல் மூலநிரலோடு அவிழ்த்துக் காட்டப்பட்ட மூட்டை. முன்கேற்றில் துவக்கோடு நிற்கிறீர்கள், பக்கத்து வேலிப் பொட்டால் ஊரே போய்வருகிறது.

(இதை வாசிக்கும் பொதுமக்களுக்கு ஒரு வார்த்தை: அந்த யூஎஸ்பி சாமானைத் தேடி டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் வாங்கப் போனால் பெட்டியைத் திருப்பிப் பதிப்பு இலக்கத்தைப் பாருங்கோ. முதலாம் பதிப்பில்தான் ஏ.ஆர். 9271. இரண்டிலும் மூன்றிலும் பெயர் அதேதான், உள்ளே இருப்பது ரியல்டெக்.)

பட்டியல் பார்த்து மறிப்பது எங்களுக்குப் புதிதல்ல, ஐயா. 2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுக்கும் வேலையை ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்க அமைச்சரவை சம்மதித்தது. இந்தியா ஆட்சேபித்தது. மூன்றாந் தரப்பின் பாதுகாப்புக் கவலையால் வேலை நிற்கிறது என்று டிசம்பரில் சீனத் தூதரகம் சொன்னது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையில் செய்வதாக உடன்பாடு; 2024 மார்ச்சில் பெங்களூர்க் கம்பனியோடு ஒப்பந்தம். காற்றாடியை எந்த நாடு பூட்டலாம் என்று இரண்டு தலைநகரங்கள் பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தபோது, டீசல் ஜெனரேற்றர் தன் பாட்டில் இரைந்துகொண்டிருந்தது. வெயிலுக்கே அனுமதி எடுக்க இவ்வளவு காலம் சென்ற இடத்தில், விரல் நீள அட்டைக்கு நான் அவசரப்படுவது அதிகப்பிரசங்கித்தனம்தான்.

தங்கள் பட்டியலில் இல்லாத இன்னொரு செய்தியும் தெரிவிக்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரண வேலைக்கென்று இலங்கையர் எழுதிய சஹானா என்ற கட்டற்ற மென்பொருளுக்கு, அமெரிக்காவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூகநல விருதைக் கொடுத்தது. அந்த நாட்டுப் பிரசை தன் சொந்த லப்டொப்பில் எந்த அட்டையைப் பூட்டலாம் என்று தங்களிடம் கேட்டு நிற்கிறான்.

மனு நிராகரிக்கப்பட்டால் வேறு வழி இருப்பதையும் பணிவோடு அறியத்தருகிறேன். தங்கள் இருப்பிடம் தாய்ப்பலகையில் உள்ள ஒரு சின்னச் சிப். திங்க்பேட் எக்ஸ்200 போன்ற சில மெசின்களில் அந்தச் சிப்பை ஒரு கிளிப்பால் கௌவி, பயோஸுக்குப் பதிலாக லிப்ரபூட் என்ற மென்பொருளை எழுதிவிட்டால் தங்களுக்கு உடனடி இடமாற்றம். பட்டியலும் தங்களோடு போய்விடும். யுத்தத்தால் பற்றரி தடைசெய்யப்பட்ட தொண்ணூறுகளில், தீவை விட்டு இடம்பெயர்ந்து குடாநாட்டில் கிடந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட ஆள் நான். ஒரு கிளிப் பெரிய காரியமில்லை. ஆனால் என்னுடையது எக்ஸ்200 அல்ல. ஆகவேதான் இந்தப் பணிவு.

வேகத்தைக் காட்டி என்னைப் பயப்படுத்த வேண்டாம். 2011இல் குவால்கொம் அதெரோஸை வாங்கிய பிறகு வந்த வேகமான அட்டைகளுக்கெல்லாம் மூட்டை உண்டு என்பது தெரியும். என் அட்டை ஏட்டில் 300 மெகாபிற். எங்கள் கரைக்கு வந்துசேரும் சிக்னலுக்கு அதுவே கோயில் வீதி அகலம்.

எனவே ஏ.ஆர். 9280இன் பெயரைப் பட்டியலில் சேர்க்குமாறும், இயலாவிடில் எச்சட்டத்தின் எப்பிரிவின் கீழ் மறிக்கிறீர்கள் என்று எழுத்தில் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். பதிலை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம். அது வரும் வழியைத்தான் தாங்கள் மறித்திருக்கிறீர்கள். குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டால் பின்னேரத்துக்குள் என் கைக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் பட்டியலில் இல்லாத,
நெடுந்தீவு வாசி